திரையில் ஃபேன் சுற்றியது, ஹாலில் காற்று இல்லை

வைகாசி முகூர்த்தம் ஒன்றில் காலை ஏழேகால் மணிக்கு மண்டப மேனேஜர் கூப்பிட்டார். "தம்பி, மேல ஹால்ல ஜனங்க பத்திரிகையை எடுத்து விசிறிக்கிட்டு உக்காந்திருக்காங்க. பொண்ணோட பெரியப்பா என்னைப் புடிச்சுத் திட்டுறாரு. பேனல்ல பாத்தா எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. ஃபேன் சுத்துது."

நான் எலக்ட்ரீஷியன். தாம்பரம் தாண்டி இருக்கும் அந்தக் கல்யாண மண்டபத்துக்குப் பராமரிப்பு பார்க்கிறேன். கீழே டைனிங், மேலே 600 நாற்காலி போடும் ஹால். ஹாலுக்கு ஏசி தனி. அது போக மொட்டைமாடியில் ஒரு ஃப்ரெஷ் ஏர் மெஷின் உண்டு. வெளிக்காற்றை ஃபில்டர் வழியாக இழுத்து டக்ட் மூலம் ஹாலுக்குள் தள்ளும். 7.5 எச்பி மோட்டார், சுமார் 10,000 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காற்று). ஹால் எக்ஸாஸ்ட் 5 எச்பி, டைனிங் எக்ஸாஸ்ட் 3 எச்பி, சமையல்கட்டு எக்ஸாஸ்ட் 5 எச்பி. நாலு ஃபேனுக்கும் நாலு விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்). எல்லாவற்றையும் ஒரு பிஎல்சி (புரோகிராம் போட்ட குட்டிக் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) ஓட்டுகிறது. மேனேஜர் அறைச் சுவரில் இருக்கும் 7 அங்குல டச் ஸ்கிரீன்தான் இத்தனைக்கும் சாவி.

எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மேனேஜர் சொன்னது பொய்யில்லை. திரையில் சப்ளை ஃபேன் (அந்த ஃப்ரெஷ் ஏர் மெஷின்தான்) படம் பச்சையாகச் சுற்றிக்கொண்டிருந்தது, பக்கத்தில் 50.0 ஹெர்ட்ஸ், அதாவது முழு வேகம். மாடிக்கு ஏறினேன். மோட்டார் ஓடுகிறது, மோட்டார் புல்லியும் சுற்றுகிறது, பிளோயர் மட்டும் அசையவில்லை. இரண்டு பெல்ட்டில் ஒன்று, பெல்ட்டை மூடியிருக்கும் கார்டுக்குள் சுருண்டு கிடந்தது. இன்னொன்றைத் துண்டு துண்டாகப் பொறுக்கினேன். ஸ்பேர் பெல்ட் கையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கடையும் திறக்காது. ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, ஸ்டோரில் கிடந்த நாலு பெடஸ்டல் ஃபேனை ஹாலில் வைத்து அன்றைய பொழுதை ஓட்டினோம்.

பெல்ட் அறுவது பெரிய விஷயமில்லை, தேய்ந்தால் அறும். அந்தப் பச்சைப் படம்தான் எனக்கு உறுத்தியது.

ஏற்கெனவே அந்தத் திரைமேல் மேனேஜருக்கு வேறு குறைகளும் இருந்தன. ஒரு பட்டனை அழுத்தினால் இன்னொன்று வேலை செய்கிறது, காலை நாலு மணிக்குத் தானாக ஓட வேண்டிய மெஷின் ஓடுவதில்லை, சமையல்கட்டு ஃபேனைப் போட்டால் திரையில் சிவப்பாக ஏதோ வந்து மறைகிறது. பார்க்க வந்த ஒரு கான்ட்ராக்டர், "ஸ்கிரீன் போயிடுச்சு, மொத்தமா மாத்திடலாம்" என்று 48,000 ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆடி மாதம் மண்டபம் காலியாக இருக்கும், அதுவரை பொறுங்கள் என்று ஓனரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதலில் டச்

இது ரெசிஸ்டிவ் டச். போனில் இருப்பது மாதிரி விரல் பட்டால் போதாது, அழுத்த வேண்டும். மேலே ஒரு மெல்லிய படலம், கீழே கண்ணாடி, நடுவில் மயிரிழை இடைவெளி. எங்கே அழுத்தி இரண்டும் ஒட்டுகிறதோ அந்த இடத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும். மேனேஜர் பைக் சாவி நுனியால் அழுத்திப் பழகியவர், அதனால் படலத்தில் ஏகப்பட்ட கீறல். கீறல்தான் காரணம் என்று நினைத்து காலிப்ரேஷன் போட்டேன். திரையில் வரும் சிலுவைக் குறிகளை வரிசையாக அழுத்த வேண்டும். முடித்ததும் பத்து நிமிஷம் சரியாக இருந்தது, பிறகு மறுபடி கோணல். திரும்பப் போட்டேன். மூன்றாவது தடவை குறியை நான் தொடுவதற்கு முன்பே அது அடுத்த குறிக்குத் தாவியது. அப்போதுதான் புத்தியில் பட்டது: யாரோ ஏற்கெனவே திரையை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

டார்ச் அடித்து ஓரமாகப் பார்த்தேன். இடது கீழ் மூலையில், பிளாஸ்டிக் சட்டத்துக்கும் படலத்துக்கும் நடுவில் மஞ்சளாக ஏதோ அடைந்திருந்தது. சந்தனம். ஆயுத பூஜைக்கு மெயின் பேனல், ஜெனரேட்டர், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர்கள் திரைக்கும் வைத்திருக்கிறார்கள். ஈரமாக இருந்தபோது சட்டத்தின் இடுக்கில் வழிந்து இறங்கி, ஒன்பது மாதத்தில் காய்ந்து கல்லாகிவிட்டது. அந்தக் கட்டிதான் படலத்தை ஓயாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

கரண்ட் சப்ளையை நிறுத்தி, பின்பக்கம் நாலு கிளிப்பைத் தளர்த்தித் திரையைச் சுவரிலிருந்து எடுத்தேன். காட்டன் பட்ஸைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூலையில் வைத்து ஊறவிட்டுத் துடைத்தேன். அரை மணி நேரம் ஆனது. கடைசித் துணுக்கு வரவில்லை. பழைய சிம் கார்டை ஓரமாகச் சீவி அதை வைத்து நெம்பி எடுத்தேன். கூட இருந்த பையன், "தின்னர் போட்டா உடனே வந்துடும்ணா" என்றான். தின்னர் பட்டால் படலம் வெளுத்துவிடும். வேண்டவே வேண்டாம். துடைத்து முடித்ததும் ஒரே காலிப்ரேஷன், அவ்வளவுதான். இதுவரை நகரவில்லை. போன் கடையில் 120 ரூபாய்க்கு டேப்லெட் ஸ்கிராட்ச் கார்டு வாங்கி அளவுக்கு வெட்டி ஒட்டினேன். பைக் சாவிக்குப் பதிலாக ரப்பர் நுனி பென்சில் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஒரு பேனல், இரண்டு கடிகாரம்

காலை நாலு மணிக்கு மெஷின் ஓடாததற்குக் காரணம் திரையிலேயே தெரிந்தது. தேதி 2000 ஜனவரி 1 என்று காட்டியது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் அந்தத் தேதிக்குத் திரும்பிவிடுகிறது. பின்பக்கம் சிஆர்2032 பட்டன் செல், 45 ரூபாய். இது அஞ்சு நிமிஷ வேலை என்று நினைத்துப் பெரிய தப்பு பண்ணினேன்.

பழைய செல்லைக் கழற்றும்போது திரைக்கு 24 வோல்ட் சப்ளை நின்றிருந்தது. புது செல்லைப் போட்டு ஆன் செய்தால் தேதி மட்டுமல்ல, மேனேஜர் வருஷக் கணக்கில் போட்டு வைத்திருந்த செட்டிங் எல்லாமே பூஜ்யம். ஃபேன் வேகம், நேர அட்டவணை, அலாரம் அளவு எதுவும் இல்லை. இந்த மாடலில் அதெல்லாம் அந்த செல்லின் தயவில் இருக்கும் மெமரியில் கிடக்கிறது. கடிகாரத்தை ஓட்டத் திராணியில்லாத பழைய செல், மெமரியை மட்டும் எப்படியோ தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. செல் மாற்றும்போது சப்ளை ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று மேனுவலில் எழுதியே இருக்கிறது. நான் பிறகுதான் படித்தேன். மேனேஜர் எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு மங்கலான போட்டோவிலிருந்து பாதி அளவுகளைத் திருப்பிப் போட்டேன். மீதியை ஃபேனை ஓட்டிப் பார்த்துத்தான் போட வேண்டியிருந்தது. இப்போது எந்த பேனலைத் தொட்டாலும் முதல் வேலை, ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து போனில் படம் எடுப்பதுதான்.

தேதியைச் சரி செய்தாகிவிட்டது. மறுநாள் காலை நாலு மணிக்கு நேரிலேயே போய் உட்கார்ந்தேன். திரையில் 04:00 ஆனது, மெஷின் அசையவில்லை. அட்டவணையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், எல்லாம் சரி. இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்த பிறகு தெரிந்தது, அட்டவணை ஓடுவது பிஎல்சியின் கடிகாரத்தில். திரை காட்டுவது திரையின் கடிகாரத்தை. பிஎல்சிக்குள்ளும் ஒரு பேட்டரி, அதுவும் செத்துக் கிடந்தது. அது ஒயர் வைத்த லித்தியம் செல், ரிச்சி ஸ்ட்ரீட்டில் 650 ரூபாய். இந்த முறை சப்ளையை நிறுத்தாமல் மாற்றினேன். பின்னால் புரோகிராமைத் திறந்தபோது, தினமும் நள்ளிரவு தாண்டி ஒரு தடவை திரையின் நேரம் பிஎல்சிக்குப் போய்ச் சேரும்படி ஒரு வரி சேர்த்தேன்.

40 ஓம்

சமையல்கட்டு ஃபேன் ஓடும்போது "கம்யூனிகேஷன் எரர்" வந்து போவது அடுத்தது. பிஎல்சியும் நாலு டிரைவும் ஆர்எஸ்-485 என்ற ஒயர் இணைப்பில் மோட்பஸ் என்ற மொழியில் பேசுகின்றன. இரண்டு ஒயர்தான். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று மாலை மாதிரி கோத்துக்கொண்டு போக வேண்டும், இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். எல்லா சப்ளையையும் நிறுத்திவிட்டு அந்த இரண்டு ஒயருக்கு நடுவில் மல்டிமீட்டர் வைத்தால் இரண்டு 120-ம் பேரலலாகச் சேர்ந்து 60 ஓம் காட்ட வேண்டும். எனக்கு 40 காட்டியது. மூன்று ரெசிஸ்டர் இருந்தால்தான் 40 வரும்.

ஒவ்வொரு டிரைவாக மூடியைத் திறந்தேன். (சப்ளையை நிறுத்தி பத்து நிமிஷம் கழித்துத்தான் திறக்க வேண்டும், உள்ளே கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.) வரிசையின் நடுவில் இருந்த டைனிங் டிரைவில், உள்ளிருக்கும் ரெசிஸ்டரைச் சேர்க்கும் குட்டி டிப் ஸ்விட்ச் ஆன் ஆகியிருந்தது. அதைத் தள்ளிவிட்டதும் 60 வந்தது. எரர் பாதியாகக் குறைந்தது, ஆனால் போகவில்லை.

மீதிப் பாதிக்குக் காரணம் ஒயர் போன வழி. மாடிக்கு ஏறும் டிரேயில் மோட்டார் கேபிளோடு சேர்த்து டை போட்டுக் கட்டியிருந்தார்கள், அதுவும் சாதாரண ஒயர். விஎஃப்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள் இரைச்சலைக் கக்கிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் படுத்திருப்பவன் எப்படித் தூங்குவான்? ஷீல்டு போட்ட ட்விஸ்டட் பேர் (முறுக்கிய ஜோடி ஒயர்) 65 மீட்டர், மீட்டர் 55 ரூபாய்க்கு வாங்கி, மோட்டார் கேபிளிலிருந்து ஒரு அடி தள்ளித் தனிக் குழாயில் இழுத்தோம். ஷீல்டை பிஎல்சி பக்கம் மட்டும் எர்த் செய்தேன். நானும் பையனும் இரண்டு நாள் முழுசாக வேலை பார்த்தோம். அதன் பிறகு எரர் வரவில்லை.

பச்சைப் படம் எதைப் பார்த்துச் சுற்றுகிறது?

இப்போதுதான் உண்மையான வேலை. மெஷினைப் போட்ட ஆட்கள் புரோகிராம் ஃபைல் கொடுக்கவில்லை, இப்போது போனும் எடுப்பதில்லை. ஆனால் திரையிலும் பிஎல்சியிலும் பாஸ்வேர்டு பூட்டு போடாமல் விட்டிருந்தார்கள், அந்தப் புண்ணியத்தில் இரண்டையும் லேப்டாப்பில் இறக்க முடிந்தது. (திரையின் செட்டிங் பக்கத்துக்கு மட்டும் பாஸ்வேர்டு இருந்தது. அதையும் பேனல் கதவின் உள்பக்கம் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.) 350 ரூபாய் யுஎஸ்பி கன்வெர்ட்டரோடு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தேன்.

ஃபேன் படத்தைக் கிளிக் செய்து அது எந்த பிட்டை (ஆன்/ஆஃப் குறியை) பார்த்துச் சுற்றுகிறது என்று தேடினேன். "ஓடு" என்று பிஎல்சி டிரைவுக்கு அனுப்பும் கட்டளை பிட். அதாவது, ஃபேனை ஓடச் சொல்லியாகிவிட்டது என்பதற்குத்தான் அந்தப் பச்சை. ஓடியதா என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பக்கத்தில் காட்டிய 50.0 கூட நாம் கேட்ட வேகம், டிரைவ் கொடுக்கும் வேகம் இல்லை. சோதித்துப் பார்க்க சப்ளை ஃபேன் டிரைவின் எம்சிபி பிரேக்கரையே கீழே தள்ளினேன். திரையில் ஃபேன் பாட்டுக்குச் சுற்றியது.

முதல் யோசனை சுலபமாகத் தெரிந்தது. டிரைவ் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதை மோட்பஸில் கேட்டு வாங்கலாம். பெல்ட் அறுந்தால் மோட்டாருக்குச் சுமை இல்லை, ஆம்பியர் குறையும். அளந்தேன். பெல்ட்டோடு 50 ஹெர்ட்ஸில் 9.2 ஆம்பியர். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் 4.3. நல்ல இடைவெளி. 6 ஆம்பியருக்குக் கீழே போனால் அலாரம் என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மேனேஜர் போன்: "தம்பி, பெல்ட் அறுந்துடுச்சுன்னு சிவப்பா எழுதுது." போய்ப் பார்த்தால் பெல்ட் இரண்டும் பத்திரமாக இருக்கிறது. மெஷின் மேனுவல் மோடில் 30 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. வேகம் குறைந்தால் காற்றின் சுமை அதைவிட வேகமாகக் குறையும். 30 ஹெர்ட்ஸில் பெல்ட்டோடேயே 5.1 ஆம்பியர்தான். அறுந்த பெல்ட்டுக்கும் நல்ல பெல்ட்டுக்கும் 0.8 ஆம்பியர் வித்தியாசம். அதை நம்பி அலாரம் வைக்க மனசு வரவில்லை.

காற்று வருகிறதா என்று காற்றையே கேட்பதுதான் வழி. பிளோயருக்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்த வித்தியாசத்தைப் பார்க்கும் டிஃபரென்ஷியல் பிரஷர் ஸ்விட்ச், ஒன்று 1,850 ரூபாய். சப்ளைக்கு ஒன்று, ஹால் எக்ஸாஸ்டுக்கு ஒன்று வாங்கினேன். எவ்வளவு பாஸ்கலில் (அழுத்தத்தின் அளவு) செட் பண்ணுவது? அளக்க மீட்டர் இல்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் இருந்தது. அதை யூ மாதிரி வளைத்து ஒரு பலகையில் ஆணியடித்து, சிவப்பு மை கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை பிளோயருக்கு முன்னாலும் மறுமுனையைப் பின்னாலும் சொருகினேன். பையனின் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை நடுவில் ஒட்டினேன். 50 ஹெர்ட்ஸில் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் வித்தியாசம் 43 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் 9.8 பாஸ்கல், ஆக 420 பாஸ்கல். 30 ஹெர்ட்ஸில் 15 மில்லிமீட்டர், அதாவது 147 பாஸ்கல். வேகம் ஐந்தில் மூன்று பங்கானால் அழுத்தம் அதன் வர்க்கமாக, நூற்றுக்கு 36-ஆக இறங்க வேண்டும். 420-ல் 36 சதவீதம் 151. கொத்தனார் டியூப் பொய் சொல்லவில்லை.

மெஷின் 30-க்குக் கீழே போகவே போகாது என்பதால் ஸ்விட்சை 80 பாஸ்கலில் வைத்தேன். முதல் தடவை பிளஸ், மைனஸ் டியூப்பை மாற்றிச் சொருகிவிட்டு, ஸ்விட்ச் பழுது என்று கடைக்காரரிடம் சண்டை போட இருந்தேன். பிளஸ் என்பது பிளோயர் தள்ளும் பக்கம். காற்று இருந்தால் காண்டாக்ட் மூடும்படி இணைத்திருக்கிறேன். எலி ஒயரைக் கடித்தாலும் அலாரம்தான் வரும், பச்சை வராது. ஃபேன் கிளம்பி வேகம் பிடிக்க அவகாசம் வேண்டும், அதனால் 20 செகண்ட் கழித்துத்தான் கேட்கும்.

படத்துக்கு இப்போது மூன்று நிறம். நின்றால் சாம்பல். ஓடச் சொல்லியாகிவிட்டது, காற்று இன்னும் வரவில்லை என்றால் மஞ்சள். காற்று வந்தால்தான் பச்சை. 20 செகண்டுக்கு மேல் மஞ்சளாகவே நின்றால் பஸ்ஸர் அடிக்கும்.

எப்போதும் முழு வேகம் ஏன்?

ஹாலில் கார்பன் டை ஆக்சைடு சென்சார் ஒன்று உண்டு. கூட்டம் கூடினால் அளவு ஏறும், அதற்கேற்ப மெஷின் வேகம் கூட வேண்டும். நடைமுறையில் காலி ஹாலிலும் 50 ஹெர்ட்ஸில்தான் ஓடும். கரண்ட் பில்லைப் பற்றி ஓனர் புலம்புவது இதனால்தான். சென்சாரை மாடிக்கு எடுத்துப் போய்த் திறந்தவெளியில் வைத்தேன். வெளிக்காற்றில் 420, 430 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) காட்ட வேண்டும். திரை 1,060 காட்டியது. மல்டிமீட்டரில் சென்சார் கொடுப்பது 2.12 வோல்ட். அதன் முதுகில் 0-10 வோல்ட், 0-2000 பிபிஎம் என்று அச்சடித்திருக்கிறது. கணக்குப் போட்டால் 424. சென்சார் சரி. திரையில் 0-5000 என்று போட்டிருந்தார்கள், அதனால் எதைப் பார்த்தாலும் இரண்டரை மடங்கு. ஒரு எண்ணைத் திருத்தினேன், செலவு பூஜ்யம்.

இலக்கு 1,000 பிபிஎம். 200 பேர் உட்கார்ந்த நிச்சயதார்த்தத்தில் மெஷின் 30 ஹெர்ட்ஸை விட்டு ஏறவே இல்லை. ஃபேனில் வேகத்தைக் குறைத்தால் கரண்ட் செலவு வேகத்தின் கனத்துக்கு (மூன்று தடவை பெருக்கியதற்கு) ஏற்பக் குறையும், 35 ஹெர்ட்ஸுக்கு இறக்கினாலே கணக்குப்படி மூன்றில் ஒரு பங்குதான். தொடக்கத்தில் வேகம் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஏறி இறங்கி ஊஞ்சலாடியது. இன்டெக்ரல் டைமை (வேகத்தை எவ்வளவு நிதானமாகத் திருத்த வேண்டும் என்ற செட்டிங்) 300 செகண்ட் ஆக்கியதும் அடங்கியது.

ஒன்று சொல்ல மறந்தேன். சோதனை பண்ணும்போது ஹால் எக்ஸாஸ்டை முழு வேகத்திலும் சப்ளையை 35-லும் விட்டிருந்தேன். கீழே ஆட்களுக்குச் சமைத்த வத்தக்குழம்பு வாசனை படிக்கட்டு வழியாக மேலே மேடைவரை வந்துவிட்டது. உள்ளே தள்ளுவதைவிட வெளியே இழுப்பது அதிகமானால் ஹால் கிடைத்த வழியிலெல்லாம் காற்றைப் பிடித்து இழுக்கும். சப்ளை எப்போதும் எக்ஸாஸ்டை விடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்படி பூட்டிவிட்டேன்.

இரண்டு இஞ்ச் சிவப்பு ஒயர்

டெர்மினல்களை வரிசையாகச் சரிபார்க்கும்போது ஃபயர் பேனலிலிருந்து வரும் இரண்டு டெர்மினலை ஒரு சின்னச் சிவப்பு ஒயர் பிணைத்திருந்தது. புகை டிடெக்டர் கத்தினால் சப்ளை ஃபேன் நிற்க வேண்டும், தீக்குக் காற்றூட்டக் கூடாது. அந்த ஒயர் இருக்கும்வரை எது எரிந்தாலும் ஃபேன் நிற்காது.

மேனேஜரைக் கேட்டேன். "ஓமம் வளர்த்தா புகை மேல போயி மெஷின் நின்னுடுது தம்பி. தாலி கட்டுற நேரத்துல புழுங்குது. முன்னாடி இருந்த எலக்ட்ரீஷியன்தான் போட்டுக் குடுத்தாரு." அவர் சங்கடம் புரிந்தது. ஆனாலும் 600 பேர் உட்காரும் இடம். கழற்றிவிட்டேன். ஃபயர் அலாரம் ஆட்களை வரவழைத்து, டிடெக்டரில் டெஸ்ட் ஸ்பிரே அடித்துப் பார்த்தோம். மூன்றே செகண்டில் சப்ளை நின்றது.

ஓமத்துக்கு வேறு வழி பார்த்தேன். புகை மேலே சேர்ந்தால்தானே டிடெக்டர் கத்தும்? திரையில் "ஓமம்" என்று ஒரு பட்டன். அழுத்தினால் ஹால் எக்ஸாஸ்ட் 50-க்குப் போகும், சப்ளையும் கூடவே ஏறும், ஒரு மணி நேரம் கழித்துத் தானே பழைய நிலைக்குத் திரும்பும். அக்கினி வளர்ப்பதற்குக் கால் மணி முன்னாலேயே அழுத்திவிட வேண்டும்.

பட்டன்களைத் தமிழில் வைக்கலாம் என்று ஆசைப்பட்டது தனிக் கதை. திரையின் சாஃப்ட்வேருக்கு எழுத்தைத் தெரியும், கூட்டத் தெரியாது. "சமையல்" என்று அடித்தால் ஐகாரக் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது, புள்ளி தனியாக ஒரு வட்டத்தின் தலையில் மிதக்கிறது. கடைசியில் ஒவ்வொரு சொல்லையும் லேப்டாப்பில் படமாக்கி, 200-க்கு 110 பிக்செலில் பட்டன் முகத்தில் ஒட்டினேன். முகூர்த்தம், ரிசப்ஷன், ஓமம், காலி ஹால். மேனேஜருக்கு இந்த நாலு போதும். மற்ற பக்கங்களெல்லாம் புது பாஸ்வேர்டுக்குப் பின்னால். மேனுவல் மோடில் போட்டுவிட்டு மறந்தாலும் நாலு மணி நேரத்தில் ஆட்டோவுக்குத் திரும்பிவிடும்.

செலவு

பெல்ட் இரண்டு 840. கேபிள் 65 மீட்டர் 3,575. ரெசிஸ்டர் 10. ஸ்கிராட்ச் கார்டு 120. பட்டன் செல் 45, பிஎல்சி பேட்டரி 650. பிரஷர் ஸ்விட்ச் இரண்டு 3,700. கன்வெர்ட்டர் 350. பையனுக்கு இரண்டு நாள் கூலி 1,800. மொத்தம் 11,090 ரூபாய். என் கூலி இதில் சேராது, அதை ஓனரோடு தனியாகப் பேசிக்கொண்டேன்.

திரும்பச் செய்வதாக இருந்தால் வரிசையை மாற்றுவேன். புரோகிராமை இறக்கி பேக்கப் எடுத்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவேன், செட்டிங் பறிகொடுத்த அந்த ஒரு நாள் மிஞ்சியிருக்கும். ஸ்விட்சுக்குப் பதிலாக அழுத்தத்தை எண்ணாகவே கொடுக்கும் சென்சாரைப் பார்ப்பேன். விலை இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் பெல்ட் தளர்வதை அறுவதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பேர் பெல்ட் ஒரு ஜோடி இப்போது கார்டிலேயே கம்பி போட்டுத் தொங்குகிறது.

ஆவணியில் நாலு முகூர்த்தம் ஓடியது. கூட்டம் நிறைந்த நேரத்தில் 1,080 பிபிஎம், மெஷின் முழு வேகம். ஓமத்தில் மூன்று தடவை டிடெக்டர் சும்மா இருந்தது. நாலாவது கல்யாணத்தில் வீட்டார் ஓம குண்டத்தை மேடையிலிருந்து இறக்கி நேர் டிடெக்டருக்குக் கீழே வைத்துவிட்டார்கள், கத்திவிட்டது. மேனேஜர் ஓடிப்போய்க் கண்ணால் பார்த்து, ஃபயர் பேனலில் ரீசெட் போட்டு, நாலு நிமிஷத்தில் திரும்ப ஓடவிட்டார். குண்டம் வைக்கும் இடத்தில் இப்போது தரையில் பெயின்டால் ஒரு சதுரம் போட்டிருக்கிறோம்.

டைனிங்குக்கும் சமையல்கட்டுக்கும் இன்னும் பிரஷர் ஸ்விட்ச் போடவில்லை. அந்த இரண்டு படமும் பழையபடி கட்டளையைப் பார்த்துத்தான் பச்சை காட்டுகின்றன. மார்கழியில் மண்டபம் காலியானதும் அந்த வேலை. அதற்கு முன்னால் ஆயுத பூஜை வருகிறது. பொட்டைப் பேனல் கதவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், திரைமேல் ஒரு பாலிதீன் கவரும் மாட்டியாகிவிட்டது.